நாகர்கோவில் பக்கம் புதிதாக ஓடிப் பழக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"முதன்முறையாக ஓடுபவர்களுக்கான குழுப் பயிற்சி முகாம்" என்ற அறிவிப்பு நாகர்கோவில் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. அடுத்த அணிக்கு ஆள் சேர்க்கிறார்கள். கடந்த ஏப்ரலில் இதே முகாமில் நானும் என் மைனியும் (அண்ணி) பணம் கட்டிச் சேர்ந்தோம். முதல் நாளே மைனி மயங்கி விழும் நிலைக்குப் போய்விட்டார். அதை வெளியே சொல்லாமல் விட்டால் இன்னொரு வீட்டில் இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்துவிடும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாவிட்டாலும், கீழே சொல்லியிருப்பதை வைத்து எந்த முகாமையும் நீங்கள் எடைபோட்டுவிடலாம்.

அறிவிப்பில் சொன்னவை இவை: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ஒருவருக்கு 2,500 ரூபாய், என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர், மருத்துவப் பரிசோதனை, பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி, இலவசப் பாத ஆய்வு, காலை 5.30 மணிக்குத் தொடக்கம். பணம் ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போனது. ரசீது கேட்டபோது, "குழுவில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டோம் அக்கா, அதுதான் ரசீது" என்றார்கள்.

சங்குத்துறைப் பக்கம் கடற்கரையில் விடிவதற்கு முன்பே போய்க் காத்திருந்தோம். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வந்து சேர்ந்தபோது மணி ஏழாகப் போகிறது. சித்திரை மாத வெயில் ஏழு மணிக்கே நம் கரையில் எப்படி இருக்கும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைவிட இங்கே காற்றின் ஈரப்பதம்தான் ஆபத்து. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். ஈரம் கனத்த காற்றில் வியர்வை வழிந்து சொட்டுமே தவிர ஆவியாகாது. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். வெயிலில் உடற்பயிற்சி செய்து பழகாத உடல் அதற்குத் தக்கபடி மாற ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும். புதியவர்களை விடியற்காலையில் ஓடச் சொல்வது இதற்காகத்தான். 5.30 என்று போட்டுவிட்டு ஏழு மணிக்குத் தொடங்குவதை வெறும் தாமதம் என்று விட்டுவிட முடியாது.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். மீதிப் பேர் எங்களைப் போல நடுவயதுக்காரர்கள், ஓரிரு ஓய்வுபெற்ற ஊழியர்கள். எல்லோரும் ஒரே வரிசை. பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற பேச்சே இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மாஸ்டருக்குத் தெரிந்த பயிற்சி அது ஒன்றுதான் என்பது போகப் போகப் புரிந்தது. இருபது வயதுப் பையனுக்குச் சொன்னதையே நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கும் சொன்னார். செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் தளர்ந்த மணலில் ஓடச் சொன்னார். மணலில் ஓட, கெட்டியான தரையில் ஓடுவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் விழும் இழுப்பு தனி. பழகியவர்கள் செய்யட்டும், நல்ல பயிற்சிதான். வாழ்க்கையில் முதல் நாள் ஓடுகிறவருக்கு அது பயிற்சி அல்ல, தண்டனை.

மருத்துவப் பரிசோதனை என்று சொன்னார்களே, அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. நெஞ்சுவலி வந்ததுண்டா, மூச்சுத்திணறல் உண்டா, மூட்டில் தொல்லை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வாயால்கூடக் கேட்கவில்லை. உடற்பயிற்சி தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உலகம் முழுவதும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றன; நிரப்ப ஐந்து நிமிடம் ஆகாது. இவர்களுடைய படிவத்தில் பெயர், செல்பேசி எண், டி-ஷர்ட் அளவு, ஷூ அளவு இவ்வளவுதான் இருந்தன.

மைனி தானாகவே போய், "தம்பி, நான் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், ஓடலாமா?" என்று கேட்டார். அதற்கு மாஸ்டர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "ஓடினால் சர்க்கரை குறையத்தானே செய்யும் அக்கா. வெறும் வயிற்றில் ஓடுங்கள், இன்னும் நல்லது." கையில் கொண்டுவந்திருந்த மட்டி வாழைப்பழத்தைக்கூட அவர் சாப்பிடவிடவில்லை.

சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளும் இன்சுலினும் இரத்தத்தில் சர்க்கரையைக் கீழே தள்ளும். ஓட்டமும் அதையே செய்யும். இரண்டும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் அளவு ஆபத்தான மட்டத்துக்கு இறங்கிவிடும். நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரை சாப்பிடாத குடும்பம் எது? இதைத் தெரிந்துவைத்திருக்காத ஒருவர் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களிடம் பணம் வாங்கி ஓடவிடுகிறார் என்பதுதான் இந்தப் பதிவின் காரணம்.

மைனிக்கு முதலில் கை நடுங்கியது. பிறகு உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்தது. நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மாஸ்டரின் உதவியாளர் ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்து, "வெயில்தான், கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். முதலுதவிப் பெட்டி இல்லை. குளுக்கோஸ் இல்லை. யாரிடமும் வண்டி தயாராக இல்லை. எங்களுடன் ஓட வந்திருந்த செவிலியர் ஒருவர்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு சாலையோர டீக்கடைக்கு ஓடி, தண்ணீரில் சர்க்கரை கலக்கி வாங்கிவந்து குடிக்க வைத்தார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது, தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு என்பதை அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அந்த அம்மாவும் எங்களைப் போல 2,500 ரூபாய் கட்டி வந்தவர். அவர் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

மைனி ஓரமாகப் படுத்திருக்கும்போதே அந்தப் பக்கம் பாத ஆய்வு தொடங்கிவிட்டது! பாதத்தை நனைத்துச் செய்தித்தாளின் மேல் வைக்கச் சொன்னார்கள். நான்கு எட்டு ஓடவிட்டுச் செல்பேசியில் படம் பிடித்தார்கள். முடிவு அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான்: "உங்கள் பாதம் உள்பக்கம் சாய்கிறது, சாதாரண ஷூ போட்டால் முட்டி போய்விடும்." உடனே ஒரு கடையின் சீட்டு கையில். அங்கே ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குறைந்து எதுவும் இல்லை. வெறுங்காலுடன் மணலில் ஓடுவதே சிறந்தது என்று ஒரு மணி நேரத்துக்கு முன் சொன்ன அதே வாய் இதையும் சொன்னது. படிவத்தில் ஷூ அளவு எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காலுக்கு வசதியாக, விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கும்படி, நீங்களே போட்டுப் பார்த்து வாங்குவது போதும்.

பயிற்சியாளரின் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்.ஐ.எஸ். என்பது 1961இல் பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம். அங்கே பயிற்சியாளர்களுக்கான பட்டயப் படிப்பும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். ஏதோ ஒருநாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான தாளை எடுத்துக் காட்டினார்கள். உண்மையாகப் படித்தவர் தாளைக் காட்டத் தயங்க மாட்டார். பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

நல்ல முதல் வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, புதியவர்களுக்கு ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையைப் பரப்பியவர். ஒரு நிமிடம் மெதுவாக ஓடுவது, இரண்டு நிமிடம் நடப்பது, திரும்பவும் அதே. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இதற்குக் கருவி வேண்டாம், ஒன்பதாயிரம் ரூபாய் ஷூவும் வேண்டாம். முதல் நாளில் யாரும் மூச்சு வாங்கிக் கீழே உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் குறை ஓடியவரிடம் இல்லை, ஓடவைத்தவரிடம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "கட்டிய தொகை திரும்பத் தரப்படாது என்று விதியில் இருக்கிறது" என்று பதில் வந்தது. அப்படி ஒரு விதியை நாங்கள் பணம் கட்டும்போது யாரும் காட்டவில்லை. அன்று மாலையே என்னையும் மைனியையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மைனி எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மறுநாள் மருத்துவரிடம் காட்டியதில் பெரிய பாதிப்பு இல்லை என்று தெரிந்து நிம்மதியானோம்.

இப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். முகாம் நடத்தியவர்கள் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக்கு ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும்.

புதிய அணிக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், முதல் வகுப்புக்கு முன்பே ரசீதையும் பயிற்சியாளரின் சான்றிதழையும் எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் போகாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயத் தொல்லை உள்ளவர்கள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இவர்கள் பேச்சில் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். ஏப்ரல் முகாமில் எங்களுடன் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் அந்த அறிவிப்பின் படத்தையும் செல்பேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.