பிஜிசெர்ட் முடித்து ஆறு வருடம் ஆகிறது

கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த தங்கை ஒருத்தி, இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரிலேயே இன்னொரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறாள். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சிப் படிப்பான பிஜிசெர்ட் பற்றிப் போன வாரம் கேட்டாள்: “அண்ணா, பிஜிசெர்ட்ல சேரட்டுமா, இல்ல நேரடியா ஃபெல்லோஷிப்புக்கு எழுதிப் போடட்டுமா?” நாலு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

பிஜிசெர்ட் என்றால் 60 கிரெடிட், கணக்குப்படி 600 மணி நேரம், அட்வான்ஸ் எச்இ என்ற உயர்கல்வி அமைப்பு அங்கீகரித்த படிப்பாக இருந்தால் கையோடு எஃப்எச்இஏ, அதாவது அவள் கேட்ட அந்த ஃபெல்லோஷிப் என்ற கற்பித்தல் அங்கீகாரம். இதெல்லாம் இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் 2017-இல் சேர்ந்து 2019-இல் முடித்தேன். வகுப்புச் சுமையைக் குறைக்கவில்லை. அந்த 600 மணியில் பெரும்பகுதி என் சனி ஞாயிறு.

சேர்வதற்கு முன்பே கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் எடுத்திருந்தேன். நம் ஊரில் பள்ளி ஆசிரியருக்கு பி.எட். கேட்பார்கள். கல்லூரியில் அப்படி யாரும் கேட்பதில்லை. பாடம் தெரிந்தால் போதும், சொல்லிக்கொடுப்பது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. பிரிட்டனிலும் வெகுகாலம் இதே நிலைமைதான். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் கற்பித்தல் பயிற்சி வேண்டும் என்று உயர்கல்வியை ஆராய பிரிட்டன் அரசு அமைத்த டியரிங் குழு 1997-இல் அழுத்திச் சொன்ன பிறகுதான் இந்தப் படிப்புகள் பரவலாயின.

படிப்பின் ஒரு பகுதியாக, வேறு துறைக்காரர் ஒருவர் நம் வகுப்பில் வந்து உட்கார்ந்து கவனிக்க வேண்டும். எனக்கு வந்தவர் செவிலியர் கல்வித் துறை அம்மா. வெப்ப இயக்கவியல் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. இவர் என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் தன் குறிப்பேட்டைக் காட்டினார். நான் கேட்ட கேள்விகள் பதினான்கு. அதில் பதினொன்றுக்கு நானே பதில் சொல்லியிருந்தேன், பெரும்பாலும் ஒரு விநாடிக்குள். “அவர்கள் வாயைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள்” என்றார். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் உண்மை.

அப்புறம்தான் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வைத் தேடிப் படித்தேன். பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஆசிரியர்கள் கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள்; அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று 1970-களிலேயே எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் முதலாண்டு வகுப்பில் கேட்டேன்: “கதவு ஜன்னல் எல்லாம் மூடிய அறையில் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?” கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். ஐந்து எண்ணியும் சத்தமில்லை. ஏழாவது எண்ணில், அந்தப் பருவம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் கடைசி வரிசையிலிருந்து சொன்னாள்: “குளிராது, சூடாகும். கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரமும் கடைசியில் அறைக்குள்தானே வெப்பமாக வருகிறது?” இன்றைக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் எண்ணிக்கொண்டுதான் நிற்கிறேன். இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்ததில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

இதைத்தான் மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் தொகுப்பான என் போர்ட்ஃபோலியோவில் முதலில் எழுதினேன். திரும்பி வந்தது ஒரு கேள்வி: “இந்தப் பத்தியில் வி3 எங்கே?”

தெரியாதவர்களுக்கு: பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அப்போது இருந்தது 2011-ஆம் ஆண்டின் தொழில்தரச் சட்டகம். செயல்பாடுகள் ஏ1 முதல் ஏ5, அறிவு கே1 முதல் கே6, விழுமியங்கள் வி1 முதல் வி4. நாம் எழுதும் ஒவ்வொரு பத்தியும் இந்தப் பதினைந்தில் எதைக் காட்டுகிறது என்று குறிக்கச் சொன்னார்கள். சட்டகத்தில் தவறே இல்லை, ஒவ்வொன்றும் நியாயமான விஷயம்தான். வி3 கேட்பதும் ஆய்வு ஆதாரத்தோடு பாடம் எடு என்பதைத்தானே? ஆனால் சொல் வரம்புக்குள் எல்லாக் குறியீட்டையும் அடக்க வேண்டுமென்றபோது எதை வெட்டுவது? அந்தப் பெண்ணை வெட்டினேன். அவள் சொன்ன பதிலையும், நான் எண்ணிய ஏழு விநாடியையும் எடுத்துவிட்டு, “மாணவர் பங்கேற்பை மேம்படுத்தினேன் (ஏ2, கே3, வி3)” என்று ஒரு வரி போட்டேன். தேறிவிட்டது. சொல்லிக்கொடுப்பதைப் பற்றிய படிப்பில், நான் உண்மையில் கற்றுக்கொண்டது இல்லாத பக்கங்களுக்குத்தான் மதிப்பெண் வந்தது. ஆறு வருடம் ஆகியும் எனக்கு இது ஆறவில்லை.

போதாக்குறைக்கு 2023-இல் சட்டகத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது கே5 வரை, வி5 வரை. ஃபெல்லோஷிப்பின் அடுத்த நிலையான சீனியர் ஃபெல்லோவுக்கு எழுதலாம் என்று பழைய கோப்பைத் திறந்தால் முதலிலிருந்து குறியீடு போட வேண்டும். இரண்டு வாரமாக மேஜையில் கிடக்கிறது.

சரி, அவளுக்கு என்ன சொன்னேன்? உன் துறையில் கட்டாயம் இல்லையென்றால் சேராதே, இரண்டு பேரிடம் ஆதரவுக் கடிதம் வாங்கி நேரடியாக விண்ணப்பித்துவிடு, சனி ஞாயிறாவது மிஞ்சும் என்றேன். “அப்ப அந்த நர்சிங் மேடம் மாதிரி எனக்கு யார் வந்து பார்ப்பாங்க அண்ணா?” என்றாள். புதன்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. பத்து மணிக்கு அவள் வகுப்பில் பின்வரிசையில் உட்காரப் போகிறேன்.