சுமிலோனா, ஆப்போவா: பவளப்பாறைக்கு யார் காவல்?

பவளப்பாறையைக் காப்பது ஆய்வாளர்களின் வேலையா, ஊர்க்காரர்களின் வேலையா என்று கேட்டால், பிலிப்பைன்ஸில் ஒரே கடற்பகுதியில் இருக்கும் சுமிலோன், ஆப்போ என்ற இரண்டு குட்டித் தீவுகளைத்தான் நான் காட்டுவேன்.

சுமிலோனில் முன்னின்றது சில்லிமன் பல்கலைக்கழகம். அங்கிருந்த உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவின் முயற்சியால் 1974-இல் பாறையின் கால் பங்கில் மீன்பிடிக்கத் தடை வந்தது. பத்து வருடத்தில் தடைப் பகுதியில் மீன் பெருகியது, மிச்ச முக்கால் பங்கில் பிடித்தவர்களுக்கும் நல்ல மீன்பாடு. ஆனால் மீனவர்கள் பக்கத்துப் பெரிய தீவான செபுவின் கரையிலிருந்து வந்துபோகிறவர்கள். தீவிலேயே இருந்து காவல் காக்க ஊர் என்று ஒன்று இல்லை. உள்ளாட்சியின் ஆதரவு போய் 1984-இல் காவல் குலைந்ததும், இரண்டு வருடத்துக்குள் மொத்த மீன்பாடு 54 சதவீதம் சரிந்தது. இத்தனைக்கும் முழுப் பாறையிலும் பிடித்தார்கள்! இந்தக் கணக்கு நமக்குக் கிடைத்ததே ஆய்வாளர்கள் விடாமல் எண்ணிக்கொண்டிருந்ததால்தான்.

ஆப்போவில் பல நூறு பேர் குடியிருக்கிறார்கள். வெடியும் சயனைடும் போட்டுப் பிடித்ததில் மீன் அருகிப்போயிருந்தது. அல்காலா அந்த மீனவர்களைச் சுமிலோனுக்கே கூட்டிப்போய்க் காட்டினார். அப்புறமும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 1982-இல் சில குடும்பங்கள் சம்மதித்தன. சுமார் 450 மீட்டர் கரையை ஒட்டிய கடலை ஒதுக்கினார்கள். கரையில் ஒரு ஆள் நின்றாலே உள்ளே நுழையும் படகு கண்ணில் பட்டுவிடும். குடும்பங்கள் முறைபோட்டுக் காவல் இருந்தன. செலவென்று பெரிதாக எதுவும் இல்லை.

என் ஓட்டு ஆப்போவுக்குத்தான். பதவியில் இருப்பவர் மாறினாலும் கரையில் நிற்பவர் மாறுவதில்லை. ஆனால் சுமிலோனில் மீன் பெருகியதைக் கண்ணால் பார்க்காமல் ஆப்போக்காரர்கள் சரி சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஊர்க் காவலால் ஆகாததும் உண்டு. 2011, 2012-இல் அடித்த புயல்கள் ஒதுக்கிய பகுதியின் பவளத்தைப் பெரிதும் நொறுக்கின. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. 1994-இல் தேசிய அரசு ஆப்போவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. முடிவெடுக்கும் அதிகாரமும், டைவிங் செய்ய வருகிறவர்கள் கட்டும் கட்டணமும் ஒரு வாரியத்தின் கைக்குப் போயின. பாறையை மீட்டுக் காட்டிய ஊர், தன் கடலைப் பற்றிய முடிவுக்கு வாரியத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.