ஆளில்லாத வளவுக்குத் தண்ணீர் விட்ட பெட்டி

வன்னியில், விசுவமடுவில் உள்ள என் தோட்டத்துக்கு ஆவணி மாதம் ஒரு தானியங்கி நீர்ப்பாசனத் தொகுதி வாங்கினேன். சோலர் பனல், 12 வோல்ட் பற்றரி, சிறிய மோட்டர், ரைமர் பொருத்திய பெட்டி, நூறு மீற்றர் சொட்டுக்குழாய். எல்லாமாக 46,000 ரூபாய். மோட்டர் கிணற்றிலிருந்து தாங்கியை நிரப்பும். குறித்த நேரத்துக்குப் பெட்டி வால்வைத் திறந்துவிடும். காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம், மாலை ஐந்தரைக்கு இருபது நிமிடம். வாளி தூக்கித் தேய்ந்த என் முழங்கால்களுக்கு அந்த இரண்டு மாதமும் பெரிய ஆறுதல்.

ஐப்பசியில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் 19 நாட்கள் தங்க நேர்ந்தது. வீட்டைப் பூட்டிச் சென்றோம். நாங்கள் போன கிழமையே மாரி தொடங்கிவிட்டது. திரும்பி வந்து படலையைத் திறந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம். பெட்டிக்குள் ‘டக்’ என்றொரு சத்தம். குழாய்கள் கசியத் தொடங்கின. கறுப்புக் கண்ணாடியோடு நின்ற அம்மா, “யார் பிள்ளை தண்ணீர் விடுவது?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1950-இல் எழுதிய ‘மென்மழை வரும்’ என்ற சிறுகதையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பல முறை தமிழில் சொல்லியிருக்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு தானியங்கி வீடு. நாள் 2026 ஆகஸ்ட் 4. அடுப்பு தானாகவே எட்டுத் துண்டு பாண் வாட்டி, எட்டு முட்டை பொரிக்கிறது, உண்ண ஆளில்லை. அணுகுண்டின் வெப்பத்தில் கருகிய வெளிச்சுவரில், புல் வெட்டிய தகப்பன், பூப் பறித்த தாய், பந்து எறிந்த பிள்ளைகள் ஆகியோரின் உருவங்கள் மட்டும் பதிந்திருக்கின்றன. புண்ணோடு வந்த நாய் செத்ததும் இயந்திர எலிகள் அதைக் குப்பையாக எண்ணி அகற்றிவிடுகின்றன. இரவில் வீட்டின் குரல், இல்லாத வீட்டுக்காரிக்கு சாரா டீஸ்டேலின் 1918ஆம் ஆண்டுக் கவிதையை வாசிக்கிறது. மனிதகுலம் முழுதாக அழிந்தாலும் தவளைக்கும் குருவிக்கும் அது தெரியப் போவதில்லை என்கிறது கவிதை. பிறகு ஒரு மரக்கிளை சமையலறை யன்னலை உடைத்து விழ, வீடு தீப்பற்றி அழிகிறது.

மனிதருக்குப் பிறகு இயந்திரமும் இயற்கையும் மிஞ்சும் என்றுதான் வகுப்பில் சொல்லி வந்தேன். இரண்டும் மிஞ்சும் விதம் வேறு என்பது அன்று படலையடியில்தான் எனக்குப் பிடிபட்டது. மரம் தனக்காக வளர்கிறது. பெட்டியோ போனவரின் கட்டளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

2009 தை மாதம் போரில் நாங்கள் விட்டுப்போன வளவு இதே வளவுதான். 2010-இல் திரும்பியபோது ஓடுகள் இல்லை, கதவு நிலைகள் இல்லை, நீரிறைக்கும் இயந்திரம் இல்லை. அடுப்படியில் இடுப்பளவு கறையான் புற்று. பாதையை நாயுண்ணி மூடியிருந்தது. முருங்கையோ விதை விழுந்த இடமெல்லாம் முளைத்துப் பூத்திருந்தது. அந்த இலையில்தான் தறப்பாள் கொட்டிலில் முதல் சுண்டல் செய்தோம். எங்கள் ஊரில் முதலில் போனவை இயந்திரங்கள்தான். தொண்ணூறுகளில் பற்றரி வன்னிக்குள் வரத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா மிதியைச் சுற்றுவார், டைனமோவில் வானொலி பேசும், நாங்கள் செய்தி கேட்போம். அவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். ஆளில்லாமல் பேசும் வீடு என்பது அப்படி வளர்ந்தவளுக்குத் தூரத்துக் கற்பனையாகவே இருந்தது.

இனிப் பெட்டியின் குறைகள். மண்ணின் ஈரத்தை அறியும் உணரி இதில் இல்லை. மணிக்கூட்டை மட்டும் நம்புகிறது. மழையோடு இந்தத் தண்ணீரும் சேர்ந்து என் மிளகாய் நாற்றுமேடையை அழுகவைத்துவிட்டது. முந்நூறு நாற்றுகளில் நாற்பது கூடத் தேறவில்லை. வேலியோரம் மேட்டில் நட்ட பயிற்றை மட்டும் தளதளவென்று நின்றது. எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் சொட்டுத் துளைகளும் அடைபடுகின்றன. மாதம் ஒருமுறை குழாயைக் கழற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டியிருக்கிறது. வாங்கும்போது இவற்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஈர உணரியைத் தனியாக வாங்கிப் பூட்டலாம் என்று இப்போது சொல்கிறார்கள்.

ஆனாலும் பங்குனி முதல் ஆவணி வரை தோட்டம் செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கோடை வெயிலில் ஒரு நாளும் தவறவில்லை. பற்றரி மூட்டத்திலும் சோரவில்லை. வீட்டை விட்டுப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்து, மழை கண்டதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வயர் நுழையும் ஓட்டையைப் பசை வைத்து அடைக்கவும் வேண்டும். நான் அடைக்கவில்லை. நேற்றுப் பெட்டியைத் திறந்தபோது ரைமருக்குப் பின்னால், இளஞ்சூட்டில், இரண்டு பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. அம்மா தன் புதுக் கண்ணால் குனிந்து பார்த்துவிட்டு, பொரிக்கட்டும், பிறகு அடை என்றார்.