தனசக்தி கம்பு: சத்துக்கு வாங்கலாம், மகசூலுக்கு அல்ல

2012-ல் மகாராஷ்டிரத்திலும் 2014-ல் நாடு முழுவதற்கும் வெளியான, இரும்புச்சத்து மிகுந்த கம்பு ரகம். மரபணு மாற்றப் பயிரோ என்ற தயக்கம் வேண்டாம். இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐசிடிபி 8203 என்ற பழைய ரகத்துக்குள்ளேயே இரும்பு மிகுந்த வழித்தோன்றல்களைப் பொறுக்கி, தங்களுக்குள் கலக்கவிட்டு எடுத்தது. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு, 40 மில்லிகிராம் துத்தநாகம். வழக்கமான கம்பில் இரும்பு 45–50 தான்.

ஏக்கருக்கு 2 கிலோ விதை, 45-க்கு 15 செ.மீ. இடைவெளி. 75–80 நாளில் கதிர் அறுக்கலாம். மகசூலில் நல்ல ஒட்டுரகங்களுக்குப் பின்னால்தான் நிற்கும். ஆனால் விதையை நாமே எடுத்து வைக்கலாம், அதுதான் இதன் பெரிய லாபம். அதிலும் ஒரு சிக்கல்: கம்பு அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். 200 மீட்டருக்குள் வேறு கம்பு பூத்தால் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறையில் இரும்பு இறங்கிவிடும். வரப்போரக் கதிர்களை விட்டுவிட்டு நடுவயலில் எடுங்கள்.

தானியமாக வாங்குவோர் கவனிக்க: கண்ணால் பார்த்து இதை அடையாளம் காண முடியாது. ரகப் பெயரோ பரிசோதனை அளவோ இல்லாத மூட்டைக்குக் கூடுதல் விலை தண்டம்.

மாவாக வாங்கவே வேண்டாம். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாளிலேயே காறல் வாடை வந்து கசக்கும். வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள். வெள்ளையாகும்வரை தீட்டினால் காசு கொடுத்து வாங்கிய சத்து தவிட்டோடு போகும். இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் தானியத்தில் உண்டு. அதைக் குறைக்க, ராத்திரி கரைத்துப் புளிக்கவைத்த கூழே சரியான வழி. குடித்த கையோடு டீ மட்டும் வேண்டாம்.