முன்மொழிவு மதிப்பீட்டுக் குழு: கேள்விகள் சிறப்பு, அறிக்கை போதாது

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேரும் ஒவ்வொருவரும், தரவு சேகரிப்பைத் தொடங்குவதற்கு முன் தம் ஆய்வு முன்மொழிவை ஒரு மதிப்பீட்டுக் குழுவின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். நெறியாளர் என்ற முறையில் என் மாணவர்களோடு இந்த அமர்வுகளில் தொடர்ந்து கலந்துகொண்டு வருகிறேன். மாதக்கணக்கில் படித்து, எழுதி, திருத்திக் கொண்டுவரும் ஒரு திட்டத்தை மாணவர் இந்தக் குழுவிடம் ஒப்படைக்கிறார். அந்த உழைப்புக்கு ஈடாக அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்தே இந்தச் சேவையை எடை போடுகிறேன். அமர்வில் எழும் கேள்விகள் பெரும்பாலும் மிக உயர்ந்த தரத்தில் உள்ளன. அமர்வு முடிந்தபின் மாணவர் கைக்கு வரும் அறிக்கையோ அந்தத் தரத்துக்கு அருகில்கூட வருவதில்லை.

குழுவில் நால்வர் இருப்பார்கள்: தலைவர், துறை வல்லுநர் ஒருவர், ஆய்வு முறையியல் அறிந்தவர் ஒருவர், வேறு துறையிலிருந்து ஒருவர். நெறியாளர் உடன் இருக்கலாம். முடிவெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. முன்மொழிவு இரண்டு வாரங்களுக்கு முன்பே உறுப்பினர்களுக்குச் சென்றுவிடும். மாணவர் 20 நிமிடம் பேசுவார், அதன்பின் கேள்விகள். பிறகு அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குழு கலந்து பேசி, ஒப்புதல், திருத்தங்களுடன் ஒப்புதல், மறு சமர்ப்பிப்பு என்ற மூன்றில் ஒன்றை அறிவிக்கும். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்விகளின் தரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை வளர்க்க இரண்டு கற்பித்தல் முறைகளில் எது சிறந்தது என்று ஒப்பிட விரும்பிய ஒரு மாணவி, முறைக்கு 30 பேர் என்று மாதிரி அளவை எழுதியிருந்தார். முறையியல் உறுப்பினர், "எவ்வளவு பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நடுத்தர அளவு, அதாவது திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவில்) பாதி, என்று மாணவி சொன்னார். அப்படியானால், வழக்கமான 5 விழுக்காட்டு முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகத் தவறாகச் சொல்லிவிடும் வாய்ப்பை 5 விழுக்காட்டோடு நிறுத்தும் அளவில்), அந்த வேறுபாடு உண்மையிலேயே இருந்து அதை ஆய்வு கண்டுகொள்ள 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால், ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 64 பேர் தேவை என்றும், 30 பேரோடு நிறுத்தினால் அந்த வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்றும் அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அதோடு விடவில்லை. ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. முழு வகுப்பையும் ஒரு முறைக்கு ஒதுக்கும்போது பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பயனில்லை, வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்றார். மாணவி திட்டத்தை மாற்றி, கூடுதல் வகுப்புகளைச் சேர்த்து, கற்பித்தலுக்கு முன் வைக்கும் முன்தேர்வின் மதிப்பெண்ணையும் பகுப்பாய்வுக்குள் கொண்டுவந்தார். தரவு சேகரித்து முடிந்தபின் இதே குறையை ஒரு புறத்தேர்வாளர் (ஆய்வேட்டை மதிப்பிடும் வெளியார்) சுட்டிக்காட்டியிருந்தால் அதைச் சரிசெய்ய வழியே இருந்திருக்காது. இந்தச் சேவையின் முழு மதிப்பும் அது நடக்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

வேறு துறை உறுப்பினரை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. "உங்கள் கருதுகோள் பொய்யென்று தெரிந்தால் ஆய்வேட்டில் என்ன எழுதுவீர்கள்?" என்று ஒருமுறை கேட்டவர் அவர்தான். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பயனுள்ள ஒன்றைச் சொல்லக்கூடிய ஆய்வு வினாவா என்பதை, முடிவு யாருக்கும் தெரியாத இந்தக் கட்டத்தில்தான் நடுநிலையோடு சோதிக்க முடியும். 2013-இல் 'கார்டெக்ஸ்' என்ற மூளை அறிவியல் ஆய்விதழ், முடிவுகள் கிடைக்கும் முன்பே திட்டத்தை மதிப்பிட்டு, வெளியிடுவதாக முன்கூட்டியே உறுதி தரும் முறையைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். "இதை இதுவரை யாரும் ஆராயவில்லை" என்பதை மட்டும் காரணமாகக் காட்டும் முன்மொழிவுகளையும் இந்த உறுப்பினரே எளிதில் மடக்கிவிடுகிறார்; ஆராயப்படாத பொருள்கள் எண்ணற்றவை, இதை ஏன் ஆராய வேண்டும் என்பதற்கு விடை வேண்டும்.

மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி தனியாகத் தேவை. தனித்து இயங்கும் ஒரு குழு திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை, மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே ஏற்றுக்கொண்டது. இங்கே இரண்டு குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. வரிசையும் தெளிவாக இருக்கிறது.

இனி குறைகள். நாற்பது நிமிடத்துக்கும் மேல் நடந்த உரையாடல், குறுகிய கட்டம் ஒன்றுள்ள ஒரு பக்கப் படிவமாகச் சுருங்கி வருகிறது. மேலே சொன்ன மாணவிக்கு வந்த படிவத்தில் இருந்த வாசகம் இவ்வளவுதான்: "ஆய்வு முறையை வலுப்படுத்தவும்." கரும்பலகையில் எழுதப்பட்ட கணக்கு எங்கே போயிற்று? வகுப்புகளைப் பற்றிய விளக்கம் எங்கே? கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும் மாணவரால் அதே நேரத்தில் குறிப்பும் எடுக்க முடியாது. நெறியாளர் எடுத்துக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் போயிற்று.

இதைவிடத் தொல்லை தருவது, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்லும் கருத்துகளை அப்படியே அடுக்கி அனுப்புவது. ஆய்வின் எல்லை மிக அகலம், ஒரு மாவட்டத்தோடு நிறுத்துங்கள் என்பார் ஒருவர். ஒப்பீட்டுக்கு இன்னொரு மாவட்டத்தையும் சேருங்கள் என்பார் மற்றவர். இரண்டில் எதைக் குழு ஏற்றது என்று தலைவர் ஒரு வரி எழுதுவதில்லை. மாணவர் இருவரையும் நிறைவு செய்யப் பார்க்கிறார். முன்மொழிவு பருத்துக்கொண்டே போகிறது, ஆய்வு வினா மங்கிக்கொண்டே போகிறது. திருத்தம் கேட்பது குழுவின் உரிமை என்றால், எந்தத் திருத்தம் கட்டாயம், எது ஆலோசனை மட்டும் என்று பிரித்துச் சொல்வது அதன் கடமை.

நேர்காணல், கள உற்றுநோக்கல் போன்ற பண்புசார் ஆய்வுகளைச் செய்வோருக்கு இந்தச் சேவை இன்னும் குறைவாகவே பயன்படுகிறது. கருதுகோள் என்ன, மாதிரி அளவு எவ்வளவு என்று படிவம் கேட்கிறது. அவர்களிடம் கேட்கப்பட வேண்டியவை வேறு. யாரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறீர்கள், புதிதாக எதுவும் வராத நிலையை எட்டிவிட்டதை எப்படி அறிவீர்கள், உரைகளை எப்படிக் குறியிட்டுப் பகுப்பீர்கள், ஆய்வாளராகிய உங்கள் நிலைப்பாடு அதில் எப்படிக் கலக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஒருவரை அந்த அமர்வுகளுக்காவது அழைக்க வேண்டும். பதினைந்து பேரை வைத்து எதைப் பொதுமைப்படுத்துவீர்கள் என்று ஒரு மாணவரைத் திரும்பத் திரும்பக் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. பொதுமைப்படுத்துவது தம் நோக்கமே இல்லை என்று அவர் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் குழுவைத் தவிர்க்க முடிந்தாலும் தவிர்க்காதீர்கள் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்கிறேன். அங்கே கிடைக்கும் கூர்மையான வாசிப்பு வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. செல்பவர்கள் ஒன்று செய்யலாம்: குறிப்பெடுக்க நெறியாளரையோ சக ஆய்வாளரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள், அன்றைக்கே அந்தக் குறிப்புகளைத் தொகுத்து, இவற்றில் எவை கட்டாயத் திருத்தங்கள் என்று கேட்டுத் தலைவருக்கு அனுப்புங்கள். என் மாணவர்கள் இப்படி அனுப்பியபோதெல்லாம், படிவத்தில் இல்லாத தெளிவான பதில் எழுத்திலேயே கிடைத்திருக்கிறது.