பில் போடும் முன்னாடி லிங்க் கழட்ட விடாதீங்க

தை பிறந்தால் முகூர்த்தம் வரிசை கட்டி வரும். மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க கோபியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் கோவைக்கு வண்டி ஏறுகிறவர்கள் இதை ஒருதரம் படித்துவிட்டுப் போங்க. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். லட்சத்தைத் தாண்டுகிற சுவிஸ் வாட்ச்சுக்குத்தான் சொல்கிறேன்.

தங்கச்சிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளைக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் (பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடுவது) எடுக்கப் போனோம். அப்பா, நான், மாப்பிள்ளை மூணு பேர். பல பிராண்டு வைத்திருக்கும் பெரிய கடை. விவகாரம் இன்னும் முடியாததால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. தொங்கவிட்டிருந்த விலைச்சீட்டில் 2,10,000 ரூபாய். விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டி, "ஐயா, 25 பர்சன்ட் போக 1,57,500 தானுங்க. சுவிஸ் வாட்ச்சுக்கு டூட்டியை எடுத்துட்டாங்கல்லங்க, அதான் இந்த ரேட்டு" என்றார்.

இந்த டூட்டிக் கதையை இப்போது பல கடைகளில் சொல்வார்கள் போல. இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் எஃப்டா கூட்டமைப்புக்கும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருப்பது உண்மை. ஆனால் வாட்ச் மீதான சுங்கவரி ஒரே நாளில் காணாமல் போகவில்லை. வருடா வருடம் படிப்படியாகத்தான் குறைகிறது. அந்த வரியே 20 சதவீதம்தான், அதுவும் இறக்குமதி மதிப்பின் மேல் போடுவது, கடை விலையின் மேல் அல்ல. மொத்த வரியும் போனால்கூட 25 சதவீதம் குறைய வழியில்லை. அன்று இரவே அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அதே மாடலின் இந்திய விலையைப் பார்த்தேன்: எல்லா வரியும் சேர்த்து 1,61,000. அதாவது 52,500 ரூபாய் தள்ளுபடி என்று காட்டியதில் நிஜத் தள்ளுபடி 3,500. அந்த 2,10,000 என்பது கடைக்காரர்கள் தாங்களே அச்சடித்துக்கொண்ட சீட்டு.

அதைவிடப் பெரிய வேலை வேறு. விலை பேசி முடிந்ததும், பில் போடும் முன்பே, இன்னொரு பையன் வந்து மாப்பிள்ளை கையில் அளவு பார்த்தார். மடமடவென்று உலோக ஸ்ட்ராப்பில் மூணு லிங்க், அதாவது கண்ணிகளைக் கழட்டினார், கிளாஸ்ப் என்கிற பூட்டு மேலே, பின்மூடி மேலே இருந்த பிளாஸ்டிக் ஒட்டுகளை உரித்து குப்பைத் தொட்டியில் போட்டார். காபி வந்தது. நல்ல உபசாரம் என்று நினைத்தோம்.

பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்த்தால், வாட்ச் நாளுக்கு ஒன்றரை நிமிடம் பின்தங்கியது. ஆட்டோமேட்டிக் வாட்ச் கொஞ்சம் முன்னே பின்னே ஓடுவது இயல்புதான். துல்லியத்தைச் சோதித்துத் தரும் குரோனோமீட்டர் சான்றிதழ் பெற்ற வாட்ச்சுக்கே நாளுக்கு 4 விநாடி குறையலாம், 6 விநாடி கூடலாம் என்று வரம்பு உண்டு, சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு இன்னும் தாராளம். ஒன்றரை நிமிடம் எந்தக் கணக்கிலும் வராது. அந்த வாரமே கொண்டுபோய் மேஜை மேல் வைத்தோம். மேனேஜர் வாட்ச்சைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "லிங்க் கழட்டியாச்சு, ஸ்டிக்கர் உரிச்சாச்சு. இனி அது யூஸ்டு பீஸுங்க. ரீஃபண்டு கிடையாது. வேணும்னா 20 பர்சன்ட் பிடிச்சுட்டு கிரெடிட் நோட்டு தர்றோம்." கழட்டியதும் உரித்ததும் அவர்கள் ஆள். நாங்கள் கேட்கவே இல்லை. 31,500 ரூபாயை விட்டுவிட்டு, மிச்சத்துக்கும் அதே கடையில்தான் வாங்க வேண்டுமாம்! பில்லின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இந்த நிபந்தனை இருக்கிறது. வாங்கும்போது யாரும் வாய் திறக்கவில்லை.

கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குப் போனபோதுதான் முழுசும் புரிந்தது. பெட்டிக்குள் இருந்த சர்வதேச வாரண்டி கார்டில் டீலர் முத்திரையும் இல்லை, விற்ற தேதியும் இல்லை. கடை தந்தது அவர்களே அச்சடித்த இரண்டு வருட வாரண்டி. பெட்டியில் இறக்குமதியாளர் லேபிளும் கிடையாது. முறையாக வந்த சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், வரி உட்பட அதிகபட்ச விலை எல்லாம் பெட்டி மேல் இருந்தே ஆக வேண்டும், சட்டமுறை எடையளவு விதி அது. அந்த லேபிள் இருந்திருந்தால் 2,10,000 என்று சீட்டு தொங்கவிட முடியாது. லேபிள் இல்லாததால்தான் விலையையும் தள்ளுபடியையும் அவர்கள் இஷ்டத்துக்குச் சொல்ல முடிந்தது. வாங்கப் போகிறவர்கள் வாட்ச்சைவிட முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்க.

சட்டத்தில் நம் பக்கம் எது, எது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய பிறகு நிறம் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டில் வேறு பிராண்டு கேட்டார்கள் என்றால் கடைக்காரர் திருப்பி எடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல. அங்கே அவர் போட்ட நிபந்தனைதான். ஆனால் பொருளில் குறை இருந்தால் கதை வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. "கேஷா குடுத்தா பில் இல்லாம இன்னொரு 5,000 குறைக்கறனுங்க" என்று எங்களிடமும் கேட்டார்கள். அப்பா பிடிவாதமாக கார்டில் கட்டி ஜிஎஸ்டி பில் வாங்கினார். இன்று கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். கடை "எங்க பாலிசி" என்று ஒற்றை வரியில் பதில் போட்டது. லேபிள் இல்லாத விஷயத்தைத் தொழிலாளர் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அவர்கள்தான் பார்க்கிறார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு மேனேஜர் குரலே மாறிவிட்டது. "அண்ணா, 10 பர்சன்ட் மட்டும் பிடிச்சுக்கறோமுங்க, பெருசு பண்ணாதீங்க" என்கிறார். முழுத் தொகையும் அப்பா கார்டுக்கே திரும்ப வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.