விமானத்துக்குள் மெத்தை தைக்க 6,200 டாலர் கொடுத்து ஏமாந்தேன், சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலை ஹாங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 6,200 டாலர் கொடுத்துத் தைத்து வாங்கிய இருக்கை உறையின் உள்மடிப்பில் ஒரு அடி நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தொங்கவிட்டு, கீழ் நுனியில் 12 விநாடி தீ காட்டி எடுத்தேன். அணையவில்லை. மேல் நுனி வரைக்கும் ஏறி எரிந்தது. உருகிச் சொட்டிய துளிகள் சிமென்ட் தரையில் விழுந்தும் எரிந்துகொண்டே இருந்தன. என் மகள் உட்கார வேண்டிய இருக்கை அது.

டாலஸ் பக்கம் ஏழு வருடமாக ஒரு ஆர்வி-7ஏ கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் அலுமினிய விமானம். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள், ஒவ்வொன்றும் நானும் மகளும் அடித்தது. அமெரிக்காவில் இப்படிக் கட்டும் விமானத்தில் பாதிக்கு மேல் வேலையை நாமே செய்திருக்க வேண்டும். 51 சதவீத விதி என்பார்கள். பெயின்டும் மெத்தை வேலையும் அந்தக் கணக்கில் வராது, வெளியே கொடுக்கலாம். நான் வெளியே கொடுத்தது இந்த ஒரு வேலையைத்தான்.

அதைக்கூட யோசிக்காமல் கொடுக்கவில்லை. என் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் சீட் தைத்தவர். ரெக்ஸின் வாசனையில் வளர்ந்தவன் நான். ஒரு சீட்டை எங்கே அமுக்கிப் பார்க்க வேண்டும், தையல் எங்கே முதலில் விடும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே காதில் விழுந்தவை. அதனால்தான் போனிலேயே முடித்துவிடாமல், ஜனவரியில் ஆறு மணி நேரம் கார் ஓட்டி பக்கத்து மாநிலத்தில் இருக்கும் அந்தக் கடைக்கு நேரில் போனேன். சின்ன விமானங்களுக்கும் பழைய கார்களுக்கும் உட்புறம் தைக்கும் கடை. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார், போடவில்லை.

கடைக்காரர் வயதானவர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. மேஜை மேல் ஒரு உறைத் துணித் துண்டை வைத்து, பக்கத்தில் தீச் சோதனைச் சான்றிதழையும் வைத்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீட் தைப்பவரின் மகனிடம் நான் எதையும் மறைக்க முடியாது, நீங்கள் பிரித்துப் பார்த்துவிடுவீர்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அன்று ராத்திரி ஓட்டல் அறையில் இருந்தே 3,100 டாலர் அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்பினேன். கார்டில் கொடுத்தால் மூன்று சதவீதம் கூடுதல் என்று அவர் சொல்லியிருந்தார்.

எட்டு வாரம் என்றார்கள். ஐந்து மாதம் ஆனது. நடுவில் மிஷின் ரிப்பேர், துணி வரவில்லை, தைக்கிற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் நம்பினேன். மே மாதம் "தயார், மீதியை அனுப்பினால் பார்சல் கிளம்பிவிடும்" என்று போன் வந்தது. இன்னொரு 3,100. மொத்தம் 6,200.

போன செவ்வாய் பெட்டி வந்தது. தூக்கும்போதே உறுத்தியது. இருக்கை, பக்கப் பலகை, கார்பெட் எல்லாம் சேர்த்து 20 பவுண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். தராசில் 33. பதின்மூன்று பவுண்டு அதிகம் என்றால் இரண்டு காலன் பெட்ரோலுக்கு மேல். அதிலும் பாதி, சாமான் வைக்கும் இடத்தின் பின்சுவர் கார்பெட்டில் இருந்தது. எடை பின்னால் போனால் விமானத்தின் சமநிலையே மாறும்.

இருக்கைகளை உள்ளே பொருத்தினேன். ஸ்டிக்கை, அதாவது விமானத்தை ஓட்டும் பிடியை, சுற்றி அடியில் வரும் தோல் உறையையும் மாட்டினேன். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் கடைசி ஒரு அங்குலம் வரவே இல்லை. உறை இறுக்கம். போதாக்குறைக்கு, மெத்தையின் முன்விளிம்பு வரைபடத்தில் இருப்பதைவிட உயரமாக வந்து ஸ்டிக்கை இடித்தது. இறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க அந்தக் கடைசி அங்குலம்தான் வேண்டும். விமானத்துக்குத் தைக்கிற ஒரு ஆள், ஸ்டிக் எவ்வளவு தூரம் நகரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

கரூருக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரத்துத் தையலப் பிரி கண்ணு" என்றார். பிரித்தேன். நான் கேட்டிருந்தது கான்ஃபர் என்கிற ஃபோம். மெதுவாக அமுக்கினால் இளகும், திடீரென்று இடித்தால் இறுகி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அடியில் கெட்டியான பச்சை, மேலே மென்மையான இளஞ்சிவப்பு என்று அடுக்கு போட வேண்டும். நிறத்தை வைத்தே அழுத்தம் தெரியும். உள்ளே பார்த்தால், மேலே அரை அங்குலம் மட்டும் இளஞ்சிவப்பு. அதற்குக் கீழே முழுக்க வெள்ளை சோபா ஃபோம். முதுகெலும்புக்காக நான் காசு கொடுத்த பொருள் அங்கே இல்லவே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பஸ்ஸுக்குக்கூட நாங்க இப்படிச் செஞ்சதில்லடா" என்றார்.

அதற்குப் பிறகுதான் சான்றிதழை ஒழுங்காகப் படித்தேன். அதில் இருக்கும் நிறமும் ரோல் எண்ணும் வேறு. என் துணியுடையது இல்லை. நேற்று மாலை தீ வைத்துப் பார்த்தது அதனால்தான். தொழிற்சாலையில் செய்யும் விமானங்களின் உட்புறத் துணிகளுக்கான சோதனையில், 12 விநாடி தீ காட்டி எடுத்தபின் 15 விநாடிக்குள் அணைய வேண்டும், எட்டு அங்குலத்துக்கு மேல் எரியக்கூடாது, சொட்டும் துளி ஐந்து விநாடிக்கு மேல் எரியக்கூடாது. என் துணி மூன்றிலும் தோற்றது. சாதாரண ஃபோம் எரிந்தால் வரும் புகையில் சயனைடு வாயு இருக்கிறது. மூடிய கேனபிக்குள் (விமானத்தின் கண்ணாடி மூடி) அதை எத்தனை மூச்சு இழுக்க முடியும்?

போன் போட்டேன். முதல் தடவை கடைக்காரர், "சப்ளையர் மாற்றி அனுப்பியிருப்பான், பார்க்கிறேன்." அடுத்து ஆபீஸ் பெண் எடுத்தாள்: அவர் ஏர் ஷோவுக்குப் போயிருக்கிறார், திங்கள்கிழமை கூப்பிடுவார். விடாமல் கூப்பிட்டபோது அவரே எடுத்து, "உங்களுடையது எக்ஸ்பெரிமென்டல் விமானம், தீச் சோதனை செய்த துணிதான் போட வேண்டும் என்று சட்டம் இல்லையே" என்றார். எக்ஸ்பெரிமென்டல் என்பது இப்படிச் சொந்தமாகக் கட்டும் விமானங்கள் வரும் பிரிவு. சட்டம் கேட்காது, உண்மை. ஆனால் நான் கேட்டேன், அவர் எழுதிக் கொடுத்தார், அதற்குத்தான் 6,200 டாலர்! இன்று காலை மின்னஞ்சல் வந்தது: பொருளை வெட்டி, எரித்து, தையலைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது. பிரித்துப் பார்த்துவிடுவீர்கள் என்று என் கையைப் பிடித்துச் சொன்ன அதே மனிதர், பிரித்ததால் பணம் இல்லை என்கிறார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வங்கியில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்கிறார்கள்.

விவரமாக ஒரு பட்டியல் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கொடுங்கள், அந்த மூன்று சதவீதத்தைப் பார்க்காதீர்கள், தகராறு வந்தால் கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. முழுப் பணத்தையும் பார்சல் வருவதற்கு முன் கொடுக்காதீர்கள். தைப்பதற்கு முன்பே உங்களுக்குத் தைக்கப்போகும் துணி ரோலிலிருந்து ஒரு துண்டு தபாலில் வாங்கி, வெளியே, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே எரித்துப் பாருங்கள். ஃபோமையும் தனியாக வாங்கிப் பாருங்கள். கார்பெட்டைத் தரையோடு பசை போட்டு ஒட்டாதீர்கள், அடியில் ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கும், வருடாந்திரச் சோதனைக்கும் கழற்ற வேண்டியிருக்கும், வெல்க்ரோ போதும். எல்லாம் பொருத்தியபின் மறுபடி எடை போடுங்கள், ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்.

விமான இருக்கையை இப்படி ஒரு கடையில் தைத்து வாங்கி ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை பறப்பதற்கு முன் மெத்தையின் ஓரத்துத் தையலை நாலு அங்குலம் பிரித்து உள்ளே பாருங்கள்.